மூன்று பாடவேளையைத் திருப்பிக் கொடுப்போம்

பின்னேரம் நாலு மணிக்கு நெல்லியடிச் சந்தியில் நிற்கிற பெற்றோருக்கு இதை எழுதுகிறேன். ஒரு ரியூசனில் பிள்ளையை ஏற்றி அடுத்த ரியூசனில் இறக்க மோட்டார் சைக்கிளில் ஓடுகிற அப்பாமாருக்கும், கொட்டில் வாசலில் பணிஸும் தண்ணீர்ப் போத்தலுமாகக் காத்து நிற்கிற அம்மாமாருக்கும். நானும் உங்களோடு அங்கே நிற்கிறவள்தான். ஆனபடியால் கொஞ்சம் கோபமாகவே பேசப் போகிறேன். அந்தக் கோபத்தில் முதற் பங்கு எனக்கு.

என் மகள் தரம் பத்து. போன தவணையில் விஞ்ஞானப் பாடத்தில் அயன் பிணைப்பு முடிந்திருந்தது. ஒரு நாள் இரவு கறிக்கு உப்புப் போடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"பிள்ளை, சோடியத்தின்ரை இலத்திரன் நிலையமைப்பு என்ன?"

"2, 8, 1."

"குளோரீன்?"

"2, 8, 7. சோடியம் ஒரு இலத்திரனை வழங்கி நேர் அயனாகும். குளோரீன் அதை ஏற்று மறை அயனாகும். ரெண்டுக்கும் கடைசிச் சக்தி மட்டத்திலை எட்டு வந்திடும். உறுதி நிலை அடையும்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கேள்வியையும் கேட்டேன்.

"சோடியத்தைத் தண்ணியிலை போட்டாத் தீப்பிடிக்குமெண்டு படிச்சனீ எல்லே? இந்த உப்புக்குள்ளையும் சோடியம்தானே. கறியிலை போட்டா ஏன் ஒண்டும் நடக்கேல்லை?"

அவள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா, அது பேப்பருக்கு வராது."

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. விடை தெரியாதது பெரிய குறையில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாதது எத்தனையோ இருக்கும். ஆனால் பேப்பருக்கு வராத ஒன்றை அறியத் தேவையில்லை என்ற நினைப்பை அவளுக்கு யார் கொடுத்தது? பாடப்புத்தகம் கொடுக்கவில்லை. படிப்பிக்கிற ரீச்சரும் கொடுக்கவில்லை. அதைக் கொடுத்தது நாங்கள். எந்த நாளில், எந்த இடத்தில் கொடுத்தோம் என்றும் எனக்குத் தெரியும்.

அது பெற்றோர் கூட்டத்தில் நடந்தது. பாடசாலையின் பெயர் தேவையில்லை. குற்றம் பாடசாலையுடையது அல்ல. அந்தத் தவணை விஞ்ஞான ரீச்சர் அயன் பிணைப்புக்கு மூன்று பாடவேளை எடுத்திருந்தார். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். எல்லாமாக இரண்டு மணித்தியாலம். ஒரு தகப்பன் எழும்பி, "பிள்ளையள் புளியங்கொட்டை வைச்சு விளையாடுதுகளாம், சிலபஸ் எப்ப முடியிறது?" என்று கேட்டார். இன்னொரு தாய், வெளியில் அந்தப் பாடம் ஒரே வகுப்பில் முடிந்து ஐந்து வருஷத்துப் பேப்பரும் செய்தாயிற்று என்றார். தலையாட்டாதவர்கள் குறைவு. நானும் தலையாட்டினேன். ரீச்சர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் குறிப்புச் சொல்ல, பிள்ளைகள் எழுத, சிலபஸ் ஓட்டமாக ஓடியது. நாங்கள் கேட்டது எங்களுக்குக் கிடைத்தது.

அந்த மூன்று பாடவேளையிலும் என்ன நடந்தது என்று பிறகுதான் மகளிடம் விசாரித்தேன். இதைக் கூட்டத்துக்கு முதலே செய்திருக்க வேண்டும்.

முதற் பாடவேளை. இரண்டிரண்டு பிள்ளைகளுக்கு இருபத்தெட்டுப் புளியங்கொட்டை. நிலத்தில் வெண்கட்டியால் வட்டங்கள். ஒரு பிள்ளை சோடியம்: உள்வட்டத்தில் இரண்டு கொட்டை, அடுத்ததில் எட்டு, வெளிவட்டத்தில் தனியாக ஒன்று. மற்றப் பிள்ளை குளோரீன்: இரண்டு, எட்டு, ஏழு. வெளிவட்டத்தில் கிடக்கிற கொட்டைகள்தான் வலுவளவு இலத்திரன்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளச் சொன்னாராம். பிறகு கருவில் உள்ள புரோத்தன்களை எண்ணச் சொன்னாராம். சோடியத்தில் பதினொரு புரோத்தன், இப்போது பத்து இலத்திரன். ஒரு நேர் ஏற்றம் மிச்சம். குளோரீனில் பதினேழு புரோத்தன், பதினெட்டு இலத்திரன். ஒரு மறை ஏற்றம் மிச்சம். கூட்டற் குறியும் கழித்தற் குறியும் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகள் தங்கள் விரலால் எண்ணிக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாம் பாடவேளை முற்றத்தில். முப்பத்தாறு பிள்ளைகள், ஆறு வரிசை. ஒருவர் நேர் அயன் என்றால் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் மறை அயன். "இப்ப சொல்லுங்கோ, ஆற்றை இலத்திரன் ஆரிட்டைப் போச்சு?" என்று ரீச்சர் கேட்டாராம். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சொல்லத் தேவையுமில்லை. உப்புப் பளிங்கில் ஒரு சோடியம் அயனைச் சுற்றி ஆறு குளோரைட்டு அயன்: நாலு பக்கமும் நாலு, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொரு குளோரைட்டு அயனைச் சுற்றியும் அதேபோல ஆறு சோடியம் அயன். கொடுத்தவரும் வாங்கினவரும் சோடியாகக் கைபிடித்து நிற்பதற்கு அங்கே இடமே இல்லை. பிறகு ஒரு வரிசையை மட்டும் ஓர் அடி நகரச் சொன்னாராம். நேருக்கு முன்னால் நேர், மறைக்கு முன்னால் மறை. இப்போது ஒன்றையொன்று தள்ளும். உப்புக்கட்டி சுத்தியலால் தட்டினால் நெளியாமல் உடைவது இதனால்தான்.

மூன்றாம் பாடவேளை பற்றரியும் சிவப்பு எல்.ஈ.டி. பல்ப்பும். சீனிக் கரைசலில் கம்பியின் இரண்டு முனைகளையும் வைத்தால் பல்ப் எரியவில்லை. உப்புக் கரைசலில் எரிந்தது.

இதைத்தான் நாங்கள் விளையாட்டு என்றோம்.

இந்தப் பாடம் எவ்வளவு கடினம் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உப்புப் பளிங்கில் சோடியமும் குளோரீனும் சோடி சோடியாக இல்லை, மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று எக்ஸ் கதிர் கொண்டு காட்டியவர்கள் இங்கிலாந்தின் பிராக், தந்தையும் மகனும். அது 1913. மூன்று வருஷம் கழித்து, 1916இல், ஜேர்மனியில் கோசலும் அமெரிக்காவில் லூயிசும் வெளியோட்டு இலத்திரன்களைக் கொண்டு பிணைப்பை விளக்கினார்கள். அதற்கும் பிறகு 1927இல், ஹென்றி ஆம்ஸ்ரோங் என்ற பெயர்பெற்ற இரசாயனவியலாளர், உப்பில் ஒரு சோடியமும் ஒரு குளோரீனும் சேர்ந்த மூலக்கூறு கிடையாது என்பதை ஏற்கவே முடியாது என்று 'நேச்சர்' இதழுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். வாழ்நாள் முழுவதும் இரசாயனம் படித்த, பிள்ளைகள் தாங்களாகச் செய்து கண்டறிந்து படிக்க வேண்டும் என்று வாதாடிய மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கே பதினான்கு வருஷம் போதாமல் இருந்த ஒரு கருத்தை எங்கள் பிள்ளை நாற்பது நிமிடத்தில் விழுங்கிவிட வேண்டும், மிச்ச நேரத்தில் பாஸ்ட் பேப்பர் செய்ய வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிக்கிறோம்.

குறுக்குவழியில் கிடைப்பது குறை அறிவு மட்டும் அல்ல, சில இடங்களில் பிழையான அறிவு. "சோடியம் இலத்திரனைக் கொடுக்க ஆசைப்படும்" என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். அணுவுக்கு ஆசை இல்லை. ஒரு மூல் சோடியம் வாயு அணுக்களிலிருந்து ஒவ்வோர் இலத்திரனைக் கழற்ற ஏறத்தாழ 496 கிலோயூல் சக்தி செலவாகும். அவற்றை ஒரு மூல் குளோரீன் அணுக்கள் ஏற்கும்போது ஏறத்தாழ 349 கிலோயூல்தான் திரும்பிவரும். வீட்டுக் கணக்குப் பார்க்கிற எங்களுக்கு இது விளங்கும்: 147 கடன். அந்தக் கடனை அடைப்பது எது? பிரிந்து கிடக்கும் நேர் அயன்களும் மறை அயன்களும் ஒன்றையொன்று இழுத்துப் பளிங்காக அடுக்கப்படும்போது வெளிவரும் ஏறத்தாழ 787 கிலோயூல். உப்பின் உறுதிக்குக் காரணம் எட்டு என்ற எண்ணின் மந்திரம் அல்ல. எல்லாப் பக்கத்திலிருந்தும் இழுக்கும் அந்தக் கவர்ச்சி. உப்பை உருக்க 801 பாகை செல்சியஸ் வேண்டியிருப்பதும் அதனால்தான். முற்றத்தில் வரிசையாக நின்ற பிள்ளைக்கு இதன் முதற்படி உடம்பிலேயே ஏறியிருக்கும். குறிப்பெழுதின பிள்ளைக்கு 2, 8, 1 மட்டும் மிஞ்சும்.

மகளின் முகத்தில் அன்றிரவு நின்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. தண்ணீரோடு மூர்க்கமாகத் தாக்கம் புரிவது சோடியம் அணு. அதன் வெளிவட்டத்தில் இருக்கும் ஒற்றை இலத்திரன்தான் அந்தத் தாக்கத்தில் கைமாறும். உப்பில் இருப்பது அந்த இலத்திரனை ஏற்கெனவே இழந்துவிட்ட சோடியம் அயன். கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு புளியங்கொட்டை இடம் மாறியதில் பொருளின் குணமே மாறிப்போனது. பாடத்தின் உயிர் இது. இதைச் சொல்லத் தெரியாமல் முழுப் புள்ளி எடுக்கலாம் என்பதுதான் என்னைச் சுடுகிறது.

"எங்கடை சனத்துக்குப் படிப்பை விட்டால் வேறை என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சரியான கேள்வி. யுத்தம் வீட்டையும் காணியையும் தொழிலையும் கொண்டுபோன பிறகும் எங்கள் கையில் நின்றது அதுதான். அப்படியென்றால் அந்தப் படிப்பு முற்றாமல் இருக்கலாமோ? சாதாரண தரத்தில் ஏ எடுத்துவிட்டு உயர்தரத்தில் இரசாயனம் எடுக்கிற பிள்ளை, சாலகச் சக்தியும் போர்ன்–ஏபர் வட்டமும் வருகிறபோது திகைத்து நிற்பதைக் காண்கிறோம். உடனே இன்னொரு ரியூசன் தேடுகிறோம். அத்திவாரம் போடவேண்டிய நேரத்தில் அவசரப்படுத்தியது நாங்கள். சுவர் வெடிக்கிறபோது பிள்ளையைப் பார்த்து "உனக்குக் கவனமில்லை" என்று ஏசுவதும் நாங்கள்.

பரீட்சை ஒருபக்கம் இருக்கட்டும். எங்கள் கிணற்றைப் பாருங்கள். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைத் தட்டு, தண்ணீரில் கரைந்திருந்த கல்சியம் அயன் கல்சியம் காபனேற்றாக வந்து படிந்தது. சவர்க்காரம் நுரைக்காமல் அழுக்காகத் திரள்வதும் அந்த அயனால்தான். இவ்வளவும் தொந்தரவு, ஆபத்து வேறு. தோட்டத்துக்குப் போடுகிற பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று அயன் நிலத்தடி நீரில் இறங்குகிறது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது கூடிப்போயிருப்பதை ஆய்வுகள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவுவதை அது தடுக்கும்.

இப்போது ஒரு கேள்வி. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுப் போய்விடுமா? கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அயன் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிஞ்சிய தண்ணீரில் அதன் செறிவு கூடும். கரைந்திருக்கும் அயன் என்றால் என்ன என்று விளங்கின பிள்ளைக்கு இதைத் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை, தானே சொல்லும். விளங்காத பிள்ளை நாளைக்குத் தாயாகித் தகப்பனாகிப் பால்மா கரைக்கிறபோது, கொதித்தாறின தண்ணீர்தானே என்று நம்பியிருக்கும். அந்தக் கேள்வி பேப்பருக்கு வராது. வீட்டுக்கு வரும்.

அதேபோல வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனி, சோடியம், பொட்டாசியம், குளோரைட்டு அயன்களைக் குளுக்கோசோடு உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அம்மம்மாவின் இரத்தப் பரிசோதனைத் தாளில் சோடியம் 135 இலிருந்து 145 வரை என்று எழுதியிருப்பதும் சோடியம் அயனைத்தான். அந்தத் தாளை நாங்கள் எத்தனை தரம் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் வைத்தியரின் முகத்தைப் பார்த்திருக்கிறோம்! எங்களுக்குக் கிடைக்காத வெளிச்சம் பிள்ளைக்குக் கிடைக்கிறபோது, அதைக் குறுக்கே நின்று மறிக்கலாமோ?

உப்பைத் தெரிந்துகொள்ள எங்கள் பிள்ளைகளைப் போல வாய்ப்புள்ள பிள்ளைகள் வேறு யார்? நெல்லியடியிலிருந்து கரணவாய் சைக்கிள் ஓடுகிற தூரம். கரணவாயில் விளைந்த உப்பை ஏற்றிப்போகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்ததுதான் தொண்டைமானாறு என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வந்த கதை. ஏ9 வீதியால் போனால் ஆனையிறவு. 1990இல் யுத்தத்தோடு நின்றுபோன உப்பு வேலை மெல்ல மெல்ல எழும்பி, 2025இல் அங்கே தொழிற்சாலையும் திறந்தாயிற்று. வெயிலில் தண்ணீர் போகப் போக, அலைந்து திரிந்த அயன்கள் தங்கள் இடம் தேடி அடுக்காகி, சதுரச் சதுரமாகப் பளிங்கு கட்டுவதை அங்கே கண்ணால் காணலாம். எத்தனை பேர் பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறோம்? ஆனையிறவைக் கடந்து கொழும்புக்குப் போகும்போதுகூட, "புத்தகத்தைப் பார்" என்றுதானே சொல்லியிருக்கிறோம்.

மொழியும் தடையில்லை. மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழ்ப் பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தமிழிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும் என்று பாடுபட்டார். அவருடைய முயற்சியில் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் தமிழில் வந்தது 1875இல். நூற்றைம்பது வருஷத்துக்கு முதல் எங்கோ பிறந்த ஒருவர், எங்கள் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்று சொல் தேடி அலைந்தார். இன்று அரசாங்கம் இலவசமாகத் தமிழில் புத்தகம் தருகிறது. அதைத் திறந்து வாசிக்கப் பிள்ளைக்கு ஓர் ஆறுதலான மாலைப்பொழுது கொடுக்க எங்களால் முடியவில்லை.

என்னை உறுத்துகிற இன்னொன்றும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படித்தவர்கள் நாங்கள். பொருளாதாரத் தடை. ரோச் பற்றரி வடக்குக்கு வரக்கூடாத சாமான். மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அன்றைக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியர் உப்புத்தண்ணீரில் பல்ப் எரித்துக் காட்ட விரும்பியிருந்தாலும் பற்றரிக்கு எங்கே போவார்? இன்று அது எந்தக் கடையிலும் தொங்குகிறது. காட்டுகிற ஆசிரியரும் இருக்கிறார். அன்று தடை போட்டவர்கள் வேறு யாரோ. இன்று தடை போடுகிறவர்கள் நாங்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உண்மை.

எனவே கேட்கிறேன். கெஞ்சியும் கேட்கிறேன், கண்டித்தும் கேட்கிறேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "சிலபஸ் எப்ப முடியும்?" என்று கேட்க வாய் உன்னினால், அதற்கு முதல் "பிள்ளையளுக்கு என்ன செய்து காட்டினீங்கள்?" என்று கேளுங்கள். மெதுவாகப் படிப்பிக்கிற ஆசிரியரைக் கூட்டத்தில் தனியாக விடாதீர்கள். ஒருவராவது எழும்பி அவர் பக்கம் பேசுங்கள். ஆய்வுகூடத்துக்குப் பற்றரி, கம்பி, பல்ப் வாங்கிக் கொடுங்கள். ஒரு மாத ரியூசன் காசில் ஒரு வகுப்புக்கே வாங்கலாம். கிழமையில் ஒரு பின்னேரத்தையாவது பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். ரியூசன் படிப்பிக்கிற ஆசிரியர்களையும் நான் பழிக்கவில்லை. நாங்கள் வேகத்தைக் கேட்கிறோம், அவர்கள் வேகத்தைத் தருகிறார்கள். விளக்கத்தைக் கேட்டால் அதையும் தருவார்கள்.

வீட்டிலும் செய்யலாம். நாலு பென்ரோச் பற்றரி, ஒரு சிவப்பு எல்.ஈ.டி. பல்ப், கொஞ்சம் கம்பி, இரண்டு கிண்ணம். வீட்டு மின்சாரத்தைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மட்டும் செய்யுங்கள். உப்புக் கரைசலில் மின் ஓடினால் சிறிதளவு குளோரீன் வாயு வரும். நானும் மகளும் செய்தோம். சீனித் தண்ணீரில் பல்ப் இருண்டு கிடந்தது. உப்புத் தண்ணீரில் சிவப்பாக எரிந்தது. அவள் கம்பியை எடுத்து, நான் சொல்லாமலே, காய்ந்த உப்பில் குத்திப் பார்த்தாள். எரியவில்லை.

"அயன் இருக்குத்தானே, அப்ப ஏன் எரியேல்லை?" என்று தன்னையே கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதுகளாலை அசைய ஏலாது. முற்றத்திலை நாங்கள் நிண்டது மாதிரி அடுக்கிலை நிக்குதுகள். தண்ணி விட்டாத்தான் நடக்குங்கள்" என்றாள். ஃபரடே 1834இல் அயன் என்று பெயர் வைத்தபோது எடுத்த கிரேக்கச் சொல்லுக்குப் பொருளே "செல்வது" என்பதுதான். அது அவளுக்குத் தெரியாது. அந்த இடத்துக்குத் தானாக வந்து சேர்ந்தாள். கூட்டத்தில் நான் வீண் என்று தலையாட்டிய அந்த இரண்டாம் பாடவேளைதான் அவளைக் கொண்டுவந்து சேர்த்தது.

மறுநாள் ரீச்சரைப் போய்க் கண்டு மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வருஷம் தரம் பத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் அந்த மூன்று பாடவேளையும் வேண்டும் என்று அதிபருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். கீழே இடம் இருக்கிறது. வந்து உங்கள் கையெழுத்தையும் வையுங்கள். இந்த முறை வீட்டில் புளி உடைக்கும்போது கொட்டையை எறியாதீர்கள். ஒரு பையில் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். சோடிக்கு இருபத்தெட்டு வேண்டும்.